மேடையில் போட்ட ஓட்டை

அண்ணன் வீட்டுச் சுவரில் யாரும் ஒரு ஆணி அடித்துவிட முடியாது. காலண்டர்கூடக் கதவுக் கொண்டியில்தான் தொங்கும். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடாம். அப்படிப்பட்ட மனிதன் பிளம்பரை வரவழைத்து, சமையல் மேடையின் கருங்கல்லில் ஓட்டை போடச் சொன்னான் என்றால், பொடிசுக்குத் தலைகால் புரியாமல் போனதில் தப்பே இல்லை. ஓட்டை அவளுடைய காபி மெஷினுக்காக.

பொடிசு என்பது அண்ணன் கூப்பிடும் பெயர்தானே தவிர, ஆளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணத்தை முறித்துக்கொண்டு வந்தபோது துணிப்பெட்டிகளையும் இந்த எஸ்பிரெஸோ மெஷினையும்தான் கொண்டுவந்தாள். பித்தளையும் எஃகுமாகக் கனக்கும் சாமான். கைப்பிடியைக் கீழே இழுத்து மெல்ல விட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெந்நீரை அழுத்திக் காபியை இறக்கும். "என்ன, அடிபம்பைத் தூக்கிட்டு வந்திருக்கே?" என்று அண்ணி முதல் நாள் கிண்டல் செய்தாள். அடுத்த வாரத்திலிருந்து முதல் கப் அண்ணிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

ஒரே தொல்லை தண்ணீர். பாய்லரில் தண்ணீர் தீர்ந்தால் மெஷினை அணைத்து, ஆவியை வெளியேற்றி, ஆறும்வரை காத்திருந்து, மூடியைக் கழற்றி ஊற்ற வேண்டும். விருந்தாளிகள் வந்தால் பாதிப் பேர் குடிப்பார்கள், மீதிப் பேர் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழாயோடு இணைத்துவிட்டால் கொதிக்கும்போதே திருகைத் திறந்து நிரப்பிக்கொள்ளலாம், மெஷினிலேயே அதற்கு வழி இருக்கிறது என்று பொடிசு எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அண்ணன் அதை மறக்கவில்லை.

பிளம்பர் சின்க்குக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தார். குழாயை வெட்டி, கிளை பிரிக்க ஒரு டீ-ஜாயின்ட் போட வேண்டும், தனியாக ஒரு வால்வு, தண்ணீரில் இருக்கும் உப்பு மெஷினுக்குள் படியாமல் இருக்க ஒரு ஃபில்டர், வெந்நீர் திரும்பி வராமல் தடுக்க இன்னொரு வால்வு. அதெல்லாம் பெரிய விஷயமில்லை என்றார். பிறகு மேடையைத் தட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"சார், கல்லுல ஓட்டை போட்டா போட்டதுதான். அடைச்சாலும் தெரியும். யோசிச்சுக்கங்க."

"போடுங்க," என்றான் அண்ணன்.

டிரில் கத்திய கத்தலில் அண்ணி காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். கல் சூடாகாமல் இருக்கப் பொடிசு தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றாள். கறுப்புச் சேறு அவள் கையில் வழிந்தது. இன்றோ நாளையோ கிளம்பப் போகிறவளுக்காக யாராவது கல்லைக் குடைவார்களா? அதுநாள்வரை அவள் பெட்டியிலிருந்துதான் துணி எடுத்து உடுத்தினாள், அலமாரியைத் தொடவில்லை. அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி, காலிப் பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றினாள். மனசு நிறையச் சந்தோஷமாக இருந்தது. பாவம்.

சில மாதம் கழித்து, காபியை உறிஞ்சிக்கொண்டே அண்ணன் விஷயத்துக்கு வந்தான். அண்ணியின் தம்பிக்கு இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அவனை வெளியே தங்க வைத்தால் நன்றாக இருக்காது, இருப்பது ஒரு அறைதான் என்று மென்று விழுங்கினான். பொடிசு வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே நல்ல ஹாஸ்டல் இருக்கிறதாம், விசாரித்தும் வைத்துவிட்டான். அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டாவது போயிருப்பாள்.

"மெஷின் இங்கயே இருக்கட்டும் பொடிசு. ஹாஸ்டல்ல எங்க வெப்பே? இப்பக் கழட்டினா ஓட்டைதான் அசிங்கமாத் தெரியும்."

அவள் மறுக்கவில்லை. இதில் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. சாமான் அங்கே இருந்தால் ஆளும் என்றைக்காவது அங்கே திரும்பித்தானே ஆக வேண்டும்? நன்றாகத்தான் கணக்குப் போட்டாள்.

ஹாஸ்டலுக்குப் போனபிறகு இவளாகப் பேசினால் உண்டு. அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது போனில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. 'வந்துடு' என்று சொன்னால் பிகு செய்யக் கூடாது, உடனே சரி என்றுவிட வேண்டும் என்று என்றைக்கோ முடிவு செய்து வைத்திருந்தாள்.

"பொடிசு, உன் மெஷின்ல ஆவிக்குப் பதிலா தண்ணி கொட்டுது. ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. என்ன பண்றது?"

'வந்துடு' என்ற வார்த்தை அதில் இல்லை. ஆனாலும் வேலை தெரிந்தவள், வாய் தானாகப் பேசியது. மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கேட்டாள். உச்சிவரை என்றான். நிரப்பும் திருகைத் திறந்தவர்கள் மூட மறந்திருக்கிறார்கள், பாய்லர் கழுத்துவரை நிறைந்துவிட்டது. திருகை முதலில் மூடச் சொன்னாள். பெரிய பாத்திரமாக வைத்து வெந்நீர்க் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னாள். கையைத் தள்ளி வைத்துக்கொள், சுட்டுவிடும் என்றாள். அண்ணன் போனை மேடையில் வைத்துவிட்டுச் சொன்னதைச் செய்தான். தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தமும், கூடத்தில் யாரோ சிரிப்பதும், அண்ணி அவர்களிடம் இதோ ஆயிற்று என்பதும் இவளுக்குக் கேட்டன.

சும்மா காத்திருக்கிற நேரத்தில் எதையாவது பேச வேண்டுமே என்று, அண்ணியின் தம்பிக்கு அறை வசதியாக இருக்கிறதா என்று கேட்டுவைத்தாள்.

"அவனா? அவன் வரவே இல்லையே. வேற ஊர்ல இதைவிட நல்ல வேலை கெடச்சுப் போயிட்டான். ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"எப்பலேர்ந்து?"

"நீ போன கொஞ்ச நாள்லயே சொல்லிட்டான்."

மாடியில் காற்று பலமாக அடித்தது. விழுந்த துணியைக் குனிந்து எடுத்தாள். அதில் மண் ஒட்டியிருந்தது, மறுபடி அலச வேண்டும்.

"எனக்குச் சொல்லவே இல்லையேண்ணா," என்றாள்.

"என்னத்தை?" என்றான் அண்ணன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. தண்ணி பாதிக்கு எறங்கிடுச்சா பாரு."

"எறங்கிடுச்சு," என்று சொல்லி, அண்ணன் போனை வைத்துவிட்டான்.