பித்தளைக்கு மை

என் வீட்டுக்காரர் யுகேந்திரனுக்கு இரண்டு பெருமை. ஈப்போவில் இன்னமும் ஃபிலிமில் கல்யாணப் படம் எடுப்பவர் தான் ஒருவர்தான் என்பது ஒன்று. அந்தக் கேமராவின் கறுப்புச் சாயம் தேய்ந்து, உள்ளேயிருந்து பித்தளை பல்லைக் காட்டுவது இன்னொன்று.

வெள்ளிப் பூச்சுக் கேமரா ஒன்றும் வைத்திருக்கிறோம். எத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தாலும் நேற்று வாங்கியதுபோலவே இருக்கும். பிளாஸ்டிக் உடம்பில் ஒரு டிஜிட்டலும் உண்டு. கட்டைவிரல் படும் இடம் மட்டும் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். இரண்டையும் இவர் மதிக்கவே மாட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கறுப்பைத்தான் நீட்டுவார். மோதிரம் உரசிய மூலையைக் காட்டுவார். மூக்கும் கன்னமும் பட்டுப்பட்டுச் சாயம் போன பின் விளிம்பைக் காட்டுவார். "இதுதான் லா அனுபவம்," என்பார். எனக்கோ அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டி வைத்ததுபோல்தான் தெரியும்.

மகள் கல்யாணத்துக்குப் படம் பேச லூமுட்டிலிருந்து வந்த பிச்சைமுத்து அண்ணனுக்கும் அப்படித்தான் தெரிந்தது. கேமராவைப் புரட்டிப் பார்த்தார்.

"ரோசாக் ஆயிருச்சா தம்பி, கெட்டுப்போச்சா? உள்ள பித்தளை தெரியுது லா."

இவர் அனுபவத்தை விளக்கினார். அவர் முகம் மாறவே இல்லை. "மொதல்ல பரிசத்துக்கு வாங்க. அதப் பாத்துட்டு கல்யாணத்தப் பேசுவோம்," என்று எழுந்துவிட்டார்.

இந்த வருஷம் எங்களைத் தேடி வந்த பெரிய கல்யாணம் அது ஒன்றுதான். வெள்ளியைக் கொண்டுபோகலாம் என்றேன். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பரிசத்தன்று லூமுட் மண்டபத்து வாசலில் என்னையும் பைகளையும் இறக்கிவிட்டு இவர் காரை நிறுத்தப் போனார். என் கைப்பையில் கண்மை இருந்தது. கறுப்புக் கேமராவை வெளியே எடுத்து, பித்தளை தெரிந்த இடமெல்லாம் அப்பிவிட்டேன். கேமரா புத்தம் புதுசாகிவிட்டது. திரும்பி வந்தவர் அவசரத்தில் எதையும் கவனிக்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினார்.

உள்ளே காற்றாடி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. பெண் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். இவர் ஏதேதோ வேடிக்கை பேசிச் சிரிக்கச் சொன்னால், பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் உதட்டை இழுத்தாள். பிச்சைமுத்து அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இவர் வேர்த்து வழிய, கேமராவை முகத்தோடு அழுத்தி அழுத்தி எடுத்துவிட்டு ஒருமுறை இறக்கினார். மூக்கு நுனி கறுப்பு. கன்னத்தில் இன்னும் பெரிய கறுப்பு. எனக்கு உயிரே போய்விட்டது.

பெண்ணின் அத்தை வீரம்மா முன்வரிசையில் இருந்தார். "யாரு இந்தப் புள்ளைக்கு திருஷ்டிப் பொட்டு வச்சது? இவ்ளோ பெருசா?" என்று இவரைக் கண்ணால் காட்டிப் பெண்ணிடம் கேட்டார்.

பெண் சிரித்தாள். தலையில் வைத்த பூ நழுவ, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தன் பேச்சுத் திறமைக்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து இவர் எடுத்துத் தள்ளினார்.

சாப்பாட்டுப் பந்தியில் பிச்சைமுத்து அண்ணன் எங்களிடம் வந்தார்.

"ஃபிலிமக் கழுவணும் அண்ணே, படம் வர கொஞ்ச நாளாகும்," என்றார் இவர்.

"படம் மெதுவா வரட்டும் தம்பி. எம் பொண்ணு இப்படிச் சிரிச்சு நானே பாத்ததில்ல. கல்யாணத்துக்கும் இதே கேமராவக் கொண்டாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தன் மூக்கைத் தட்டிக் காட்டினார்.

காரில் ஏறியதும் இவர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். மை இன்னும் போகவில்லை. சித்தியவான் தாண்டும்வரை சாலையையே பார்த்து ஓட்டினார். இன்று எனக்குச் சரியான திட்டு இருக்கிறது என்று பயந்துகொண்டே வந்தேன்.

"குமுதா," என்றார் கடைசியில். "கல்யாணத்தன்னைக்கு மூக்குக்கு மட்டும் போதுமா, கன்னத்துக்கும் வேணுமா?"