பத்தாவது பெயர்

புங்கன்கொட்டாயில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. இருநூறு வீடு தேறாத ஊருக்கு எதற்கு இரண்டு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்டதே இல்லை. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. நடந்தால் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தை ஊர்ப்பிள்ளை ஒன்றுகூடப் புத்தகப் பையோடு நடந்தது கிடையாது. காலனிப் பெண்கள் மட்டும் தினமும் இந்தப் பக்கம் வந்து தக்காளித் தோட்டங்களில் களை எடுத்துவிட்டுப் போனார்கள். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை பாருங்கள்.

கம்பைநல்லூர்த் தனியார் பள்ளியிலிருந்து மஞ்சள் வேன் வர ஆரம்பித்ததும் இரண்டு பள்ளிகளும் தேய்ந்துகொண்டே வந்தன. கடைசியில் ஊர்ப் பள்ளியில் எட்டுப் பிள்ளைகள், காலனிப் பள்ளியில் ஒன்பது. அந்த எட்டில் ஒன்று சுகுணாவின் மகள் தேவிப்பிரியா.

தேவி பேசாத பிள்ளை. ஊமை இல்லை. வீட்டுக்குள் ஆட்டுக்குட்டியோடும் அப்பனோடும் வாய் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் உதடு ஒட்டிக்கொள்ளும். முதல் வகுப்புக்கு அவளையும் அந்த வேனில்தான் ஏற்றிவிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஒண்ணுக்குப் போகணும் என்று கேட்கக்கூட வாய் வராமல், நனைந்த பாவாடையோடு சாயங்காலம் இறங்குவாள். "வேற எங்கியாவது சேத்துப் பாருங்க" என்று அந்தப் பள்ளியில் கைகழுவியபோது, சுகுணா வேறு போக்கில்லாமல் ஊர்ப் பள்ளியில் கலைமணி டீச்சரிடம் கொண்டுவந்து விட்டாள்.

கலைமணி டீச்சர் ஒரு மந்திரமும் செய்யவில்லை. காலையில் வருகைப்பதிவேட்டை எடுத்து, எல்லாப் பெயரையும் கூப்பிட்டுவிட்டு, தேவிப்பிரியா பெயரைக் கடைசியில் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். பேசு பேசு என்று பிடுங்க மாட்டார். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, வந்ததாகக் குறித்துக்கொண்டு பாடத்துக்குப் போய்விடுவார். ஐந்து மாசம் அப்படியே போயிற்று. கார்த்திகை மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், "உள்ளேன் டீச்சர்" என்று சன்னமாக ஒரு குரல் வந்தது. டீச்சர் தலையைக்கூடத் தூக்காமல் குறித்துக்கொண்டார். பிறகு தாழ்வாரத்துக்குப் போய் சுகுணாவுக்குப் போன் போட்டு அழுதார். தோட்டத்தில் நின்றபடியே சுகுணாவும் அழுதாள்.

அன்றிலிருந்து சுகுணாவுக்கு அந்தப் பள்ளிதான் கோயில். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி வேண்டும் என்றபோது யாரும் முன்வராததால் அவளே தலைவியானாள். இப்போது தேவி மூன்றாம் வகுப்பு. பள்ளியில் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பள்ளியை மூடப்போவதாக, தலையில் கல்லைப் போட்டமாதிரி ஒரு கடிதம் வந்தது. ஜூன் மாசம் பள்ளி திறந்த வாரமே கல்வி அலுவலர் ஒருவர் நேரில் வந்தார். ஊர்ப் பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் கூட்டம். காலனி ஆட்களும் வந்து சுற்றுச்சுவர் ஓரமாக நின்றார்கள். அலுவலர் பூசி மெழுகாமல் சொன்னார்.

"இந்தக் கட்டடம் விரிசல் விட்டுப் போச்சுங்க. எட்டுப் புள்ளைக்குப் புதுசா கட்ட நிதி வராது. காலனிக் கட்டடம் இப்பத்தான் கட்டுனது. ரெண்டையும் அங்க ஒண்ணாக்கிட்டா பதினேழு புள்ளைங்க. பள்ளிக்கூடமும் நிக்கும், கலைமணி டீச்சரும் இருப்பாங்க. ரெண்டு குழுத் தலைவியும் தீர்மானத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

சுகுணாவுக்கு உடனே கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றியது. டீச்சர் இருப்பார், அவளுக்கு அது போதும்.

ஆனால் ஊர்க்காரர்களுக்குத் திடீரென்று பிள்ளைகள் மேல் என்ன பாசம்! ஏரிக்கரையில் பாம்பு இருக்கிறது என்றார் ஒருவர். நாய்த் தொல்லை என்றார் இன்னொருவர். மழைக்காலத்தில் கரை வழுக்கும் என்று ஒரு பெண் கவலைப்பட்டாள். இத்தனை வருஷமாக அதே கரையில் வந்துபோகிற பெண்களைப் பாம்பு ஏன் கடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மைக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அலுவலர் குனிந்து தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலனிக் குழுவின் தலைவி தங்கம்மாள் சுவரோரத்திலிருந்து பேசினாள். சுகுணாவின் தோட்டத்துக்குக் களையெடுக்க வருகிறவள்தான். "அப்பிடின்னா எங்க புள்ளைங்க இங்க வரட்டுங்க. மரத்தடியில உக்காந்து படிக்கட்டும். பள்ளிக்கூடம் நின்னாச் சரிங்க."

அது காதில் விழாததுபோல ஊர்க்காரர்கள் மறுபடி பாம்பையே பேசினார்கள்.

அப்போது நஞ்சப்பன் எழுந்தார். மாரியம்மன் கோயில் தருமகர்த்தா, சுகுணாவின் மாமனாருக்கு அண்ணன். "எட்டுப் பேரும் டி.சி. வேணும்னு எழுதிக் குடுங்க. போன வருசம் தண்ணி வரலைன்னு ரேசன் கார்டத் திருப்பிக் குடுத்தமே, மக்யா நாளே ஜீப்பு வந்துச்சா இல்லியா? பள்ளிக்கூடமே காலியாவுதுன்னா பதறியடிச்சி ஓடியாருவாங்க. கட்டடமும் வரும், எல்லாம் வரும்."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. "தலைவியே மொதல்ல எழுதட்டும்" என்று ஒரு வெள்ளைத் தாளைச் சுகுணாவிடம் நீட்டினார்கள்.

சுகுணா கணவனைப் பார்த்தாள். வீரமணி கெட்டவன் இல்லை. கிட்டே வந்து காதோடு சொன்னான்: "ஆடித் திருவிழா வருது. பெரியப்பாவ மீறுனா நம்ம வூட்டுத் தலைக்கட்டுக்குக் கோயில் வரி வாங்க மாட்டாங்க. அப்பறம் நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் நம்ம வூட்டு வாசல மிதிக்க மாட்டான். எழுதிக் குடுத்துடு. சும்மா மெரட்டறதுக்குத்தான."

கலைமணி டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைப் பார்க்காமல் சுகுணா எழுதினாள். என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது.

ஜீப்பு வரவில்லை. அடுத்த வாரம் எட்டு மாற்றுச் சான்றிதழ்களும் முத்திரை குத்தி, சுத்தமாக அச்சடித்து வந்து சேர்ந்தன. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் என்றானதும் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. நஞ்சப்பன் இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து அரசாங்கத்தைத் திட்டினார். எட்டுப் பிள்ளைகளும் மஞ்சள் வேனில் ஏறினார்கள். காலனிப் பள்ளியின் ஆசிரியர் மே மாசமே ஓய்வு பெற்றிருந்ததால், கலைமணி டீச்சரை அங்கே போட்டார்கள்.

தேவியின் வாய் மறுபடி ஒட்டிக்கொண்டது. ஜூலையில் நனைந்த பாவாடை திரும்பி வந்தது. இந்தத் தடவை வீட்டுக்குள்ளும் பேச்சு குறைந்தது. ஆட்டுக்குட்டி கத்தினால் எட்டிப் பார்ப்பாள், அதோடு சரி. துவைக்கிற கல்லில் அந்தப் பாவாடையைப் போட்டுத் தேய்க்கும்போதெல்லாம், நான் எழுதிக் கொடுத்ததுதானே, என் கையால் எழுதிக் கொடுத்ததுதானே என்று சுகுணா முணுமுணுத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் கலைமணி டீச்சர் தோட்டத்தோரம் ஸ்கூட்டியை நிறுத்தினார்.

"சுகுணா, காலனியில ஒம்போது பேருதான் இருக்காங்க. பத்துக்குக் கீழ இருக்கறதை எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்தோட சேக்கப் போறாங்களாம். ஜூலை முப்பத்தொண்ணாந்தேதி கணக்கு எடுக்கறாங்க. தேவிய கொண்டாந்து சேத்துடு. ஒரு பேரு போதும். அவளுக்கும் நல்லது, பள்ளிக்கூடமும் தப்பிச்சிடும்."

தக்காளிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுகுணா நின்றாள். வருகிறேன் என்று சொல்ல நாக்குத் துடித்தது. தலைக்கட்டு வரி நினைவுக்கு வந்தது.

"ஆடி கடைசிச் செவ்வாய் திருவிழா டீச்சர். அது முடியட்டும். அடுத்த நாளே கொண்டாந்து விட்டுடறேன்."

"தேதி தாண்டிடும் சுகுணா."

"கவர்மென்ட்டு தேதி என்னைக்கு டீச்சர் சொன்னபடி நடந்திருக்கு? ஏரி தூர்வாரறதுக்குச் சொன்ன தேதி போய் மூணு வருசம் ஆச்சு. பத்துப் பதினஞ்சு நாள் அப்பிடி இப்பிடித் தள்ளும்."

டீச்சர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவருக்கு வற்புறுத்தித்தான் பழக்கமில்லையே. தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சுகுணா அதை நிஜமாகவே நம்பினாள். அந்த ஊரில் யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள். சாலை, குழாய், பட்டா எல்லாம் தாமதமாகத்தான் வந்திருக்கின்றன. வீரமணியிடம் சொன்னபோது அவனும், "கூழ் ஊத்தற வரைக்கும் பொறு. அப்பறம் எவன் என்ன சொன்னாலும் நானே கொண்டுபோய் விடறேன்" என்றான். அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

திருவிழா நன்றாக நடந்தது. தலைக்கட்டுப் பட்டியலில் வீரமணி பெயரையும் வாசித்தார்கள். சுகுணா மாவிளக்கு எடுத்தாள். நஞ்சப்பனே தேவியின் நெற்றியில் திருநீறு பூசி, "உம் பேரு என்னாயா?" என்று கேட்டார். பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "வெக்கப்படுது" என்று சிரித்தார்.

மறுநாள் புதன்கிழமை. சுகுணா மகளுக்குப் பழைய பள்ளியின் சீருடையையே மாட்டிவிட்டாள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வீரமணி வருகிறேன் என்றான். வேண்டாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன், நானே போகிறேன் என்று விட்டாள். டீக்கடையிலிருந்து நஞ்சப்பன் கூப்பிட்டார்.

"ஏம்மா, வேன் இந்தப் பக்கமில்ல வரும்?"

"நாங்க போற பக்கம் வேன் வராதுங்க மாமா."

அவர் முகத்தில் என்ன வந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாரியம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. இனி அடுத்த ஆடிக்குத்தானே பட்டியல் வாசிப்பார்கள். அவள் கால் நிற்கவில்லை. கரையில் பாதி தூரம் போனதும், இது எங்கே போகிற வழி என்று தேவிக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

காலனிப் பள்ளி வாசலில் ஒரு குட்டி யானை சரக்கு வண்டி நின்றது. பின்பக்கம் பெஞ்சுகள் ஏறியிருந்தன. தங்கம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் சாமான்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சுகுணாவையும் சடை போட்ட பிள்ளையையும் பார்த்ததும் தங்கம்மாள் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தாள்.

"இப்ப வரியா சுகுணா?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சுகுணா கதவோரம் போய் நின்றாள். உள்ளே கலைமணி டீச்சர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். முப்பத்தொன்றாம் தேதி சொன்னபடியே கணக்கு எடுத்துவிட்டார்களாம். அந்த ஒரு தடவை ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. நேற்று சாயங்காலம் உத்தரவு வந்ததாம். ஒன்பது பிள்ளைகளும் நாளையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளிக்கு. டீச்சருக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் மாறுதல்.

"நான் பாவி டீச்சர்" என்று சுகுணா கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பெஞ்சு இல்லாத தரையில் ஒன்பது பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தேவி யாரும் சொல்லாமலே போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. கட்டிவைத்த காகிதக் கட்டைப் பிரித்துப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளைகள் உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒன்பது முடிந்தது. பத்தாவது பெயர் அதில் இல்லை. டீச்சர் பேனாவைப் பிடித்தபடி, "தேவிப்பிரியா" என்றார். என்றும்போலக் காத்திருந்தார்.

வாசலில் டிரைவர் ஆரன் அடித்தார். தங்கம்மாள் அவரைக் கையமர்த்தினாள்.

"உள்ளேன் டீச்சர்."

கதவோரத்திலிருந்த சுகுணா சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தங்கம்மாளின் மகள் இனியா முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள், நாலாம் வகுப்பு. வீட்டில் பெரியவர்கள் ஒரு மாசமாகப் பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் அவளும் கேட்டிருப்பாள் போல. திரும்பி வரிசையை விரலால் எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். முகமெல்லாம் சிரிப்பாகத் துள்ளி எழுந்தாள்.

"டீச்சர், பத்துப் பேரு ஆயிட்டோம்! பெஞ்சை எல்லாம் எறக்கச் சொல்லுங்க டீச்சர்!"

டீச்சர் பதிவேட்டை மூடவில்லை. மற்ற பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு, பெஞ்சை இறக்குவதற்காக வண்டியை நோக்கி ஓடினார்கள். தேவியும் கூடவே ஓடினாள்.