பெட்டிக்குள் ஆடக் கூடாது

பக்கவாட்டுத் தகட்டின் கடைசி ஸ்க்ரூ அடம்பிடித்தது. அவள் முழங்காலால் கம்ப்யூட்டரை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துத் திருகினாள். 'உள்ளே கை வைக்காதே, அப்படியே பெட்டிக்குள்ள போட்டு டேப் அடிச்சு அனுப்பிடு' என்று தம்பி காலையில்தான் போனில் சொல்லியிருந்தான். பீங்கான், கண்ணாடிச் சாமான் கடையில் வருஷக்கணக்காகப் பார்சல் கட்டிக்கொண்டிருப்பவளிடம் போய் இதைச் சொன்னால்? பாரம் ஏறியதால் உடைந்த சாமானை அவள் அதிகம் பார்த்ததில்லை. உடைந்து திரும்பி வருவதெல்லாம் பெட்டிக்குள் ஆடியவைதான். இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே செங்கல் கனத்தில் படம் ஓட்டுகிற கார்டு ஒன்று ஒரே பக்கமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. லாரி ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், அது பிய்த்துக்கொண்டு வந்து மற்றதையெல்லாம் நொறுக்கிவிடும். அவனுக்கு எப்பவும் அவசரம். நாம் பார்த்துச் செய்தால்தான் உண்டு என்று நினைத்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உள்ளே இருந்தது வெறும் கம்ப்யூட்டர் அல்ல. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கார்ட்டூன் படம் முழுசாக அதற்குள் இருந்தது. பஸ் டிப்போவில் குடியிருக்கும் ஒரு குண்டுக் காகத்தின் கதை. காகத்தை வரைந்தது அவள், பறக்கவைத்தது தம்பி. பேசவைத்ததும் அவள்தான். ஆள் வைத்துக் குரல் கொடுக்க வசதியில்லாமல் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்து, மூக்கால் பேசிப் பேசி, ஒருநாள் கடையில் வாடிக்கையாளரிடமே காகக் குரலில் "பில் போடலாமா?" என்று கேட்டுத் தொலைத்தாள். காப்பி ஒன்று எடுத்துத் தனியாக வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாரம் தவறாமல் பேசினார்கள். பேசியதோடு சரி. பிறகு பெரிய ஊரிலிருந்து கார்ட்டூன் எடுக்கும் ஒரு கம்பெனி தம்பியைக் கூப்பிட்டது. அவன் அவள் வரைந்த தாள்களையெல்லாம் பெரிய உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிளம்புவதற்கு முந்தின நாள், கரண்ட் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டருக்கு ஏதோ ஆகிவிட்டது, ஆன் பண்ணாதே, அங்கே வரவழைத்து ரிப்பேர் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தாள்.

தகடு கழன்றது. ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு — உடம்பில் இருக்கும் மின்சாரம் கார்டில் பாயக் கூடாது, இதுவும் தம்பி சொல்லிக்கொடுத்ததுதான் — கார்டைக் கழற்றி, அது வாங்கும்போது வந்த வெள்ளி நிறப் பையில் போட்டாள். விசிறியைச் சுற்றியிருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள். அடுத்தது, படம் முழுசும் பதிந்திருக்கும் டிஸ்க். கீழ்த்தட்டில் கை விட்டாள். கை சும்மா போய்த் தகட்டைத் தொட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தாள். டிஸ்க் இல்லை. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்க, அது இருந்த இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் நீள்சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. அதற்குப் போக வேண்டிய வயர்கள் மடித்து ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. யாராவது வீடு புகுந்து... என்று மனசு ஓட ஆரம்பித்தபோதுதான் தட்டின் உள்பக்கம் கண்ணில் பட்டது. ஒரு துண்டு டேப். அதன் கீழே டிஸ்க்கின் ஸ்க்ரூக்கள், வரிசையாக, தலைகள் ஒரே பக்கம் பார்த்தபடி.

எந்தத் திருடன் ஸ்க்ரூவைப் பத்திரமாக ஒட்டிவைத்துவிட்டுப் போவான்?

சின்ன வயதில் தம்பி வீட்டு ரேடியோவைப் பிரித்துப்போட்டு, ஸ்க்ரூவைத் தொலைத்து, அப்பாவிடம் முதுகு பழுக்க வாங்கினான். அன்றைக்கு அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைத் துடைத்துவிட்டு அவள் சொல்லிக்கொடுத்த வேலை அது. எதைக் கழற்றினாலும் ஸ்க்ரூவை அந்த இடத்திலேயே ஒட்டி வை. இன்றுவரை அவன் கை அதை மறக்கவில்லை.

சரி, அவன்தான் எடுத்திருக்கிறான். அதனால் என்ன? பத்திரத்துக்காகக் கையோடு கொண்டுபோயிருப்பான், சொல்ல மறந்திருப்பான். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். போனை எடுத்தாள்.

"என்னக்கா, பார்சல் முடிஞ்சுதா?"

"ஆயிட்டே இருக்குடா. ஒரு சந்தேகம். அந்த டிஸ்க்கை மட்டும் கழட்டி என்கிட்டயே வெச்சுக்கட்டுமா? வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

 பதில் படபடவென்று வந்தது.

"வேணாம் வேணாம், நீ ஏன் அதைப் போய் நோண்டறே? உள்ளேயே இருக்கட்டும். நான் போறதுக்கு முன்னாடி டைட் பண்ணிட்டுத்தான் வந்தேன். திறந்துடாதேக்கா, கெட்டுப்போயிடும்."

"உள்ளேதானே இருக்கு?"

"பின்னே எங்க போகும்? கால் முளைச்சு நடந்தா போகும்?" சிரித்தான். "பஞ்சு, தெர்மாகோல்னு உன் கடை வேலையெல்லாம் காட்டாதே. சும்மா போட்டு அனுப்பு. கம்பெனிக்காரங்க முன்னாடிதான் பிரிக்கப் போறேன். வீடியோ கால் போடறேன், நீயும் பாரு."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான், அவன் சிரிப்புக்குப் பின்னால், கொஞ்சம் தூரத்தில், ஒரு பெண் குரல் கேட்டது. மூக்கால் பேசுகிற குரல். "மழைக்கு டிக்கெட் வாங்கிட்டியாடா?" யாரோ "இன்னொரு தடவை மேடம், கொஞ்சம் குறும்பா" என்றார்கள். மறுபடியும் அதே வரி. குறும்பாக.

அது குண்டுக் காகம் டிப்போ கண்டக்டரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்து தம்பியிடம் சொன்னாள். அவன் தரையில் உருண்டு சிரித்தான்.

"சத்தமா இருக்கே, எங்கடா இருக்கே?"

"டீக்கடைலக்கா. வெச்சிடறேன்."

போனைக் கீழே வைத்தாள்.   வெறும் பெட்டியை ஏன் இத்தனை தூரம் வரவழைக்கிறான், ஏன் பஞ்சு வேண்டாம் என்கிறான், ஏன் நாலு பேர் முன்னால் பிரிக்க வேண்டும், அவள் ஏன் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. வழியில் நொறுங்கிய பெட்டியை அவள் கண் முன்னாலேயே திறப்பான். எல்லாம் போச்சேக்கா என்று தலையில் கை வைப்பான். அவளும் அழுவாள், அவனுக்கே ஆறுதல்கூடச் சொல்வாள். பிறகு காகம் படமாக வெளியே வரும்போது, அவள் வரைந்த தாளை மட்டும் பார்த்து நாங்கள் முதலிலிருந்து செய்தது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அவள் குரலும் அவள் உழைப்பும் லாரியில் உடைந்த கணக்கு.

அவளைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவன்தான் இதைத் திட்டம் போட முடியும். எல்லாம் தெரிந்தும், சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்று நம்பியிருக்கிறானே, அங்கேதான் வலித்தது.

காலிங் பெல் அடித்தது. கூரியர்காரர்.

"என்னம்மா, இன்னும் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? தூக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அனுப்பவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், 'நீதானே அனுப்பலே' என்று அவனுக்கு வேறொரு கதை கிடைக்கும். உடையாமல் போய்ச் சேர்ந்தால், நாலு பேர் முன்னால் அந்தக் காலி இடத்துக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

"உக்காருங்கண்ணே. இதோ முடிச்சுடறேன்."

அப்புறம் அவள் வேலை பார்த்தாள். வெள்ளிப் பைக் கார்டை பபுள் ஷீட்டில் சுற்றித் தனி அட்டைப் பெட்டியில் வைத்தாள். உள்ளே தொங்கிய விசிறிக்குக் கீழே கெட்டி அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தாள். ஸ்க்ரூக்கள் ஒட்டியிருந்த டேப் ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி, அதன் மேல் புதிதாக இன்னொரு துண்டு ஒட்டினாள். தகட்டை மூடினாள். கம்ப்யூட்டரைச் சுற்றி பபுள் ஷீட், அதை ஒரு பெட்டியில், அந்தப் பெட்டியை இன்னும் பெரிய பெட்டியில், நடுவில் இருந்த சந்துபொந்தெல்லாம் தெர்மாகோல். மூலைகளில் விரலை விட்டுப் பார்த்து, விரல் போன இடத்தில் இன்னும் அடைத்தாள்.

"போதும்மா! நானெல்லாம் தூக்கிப் போட மாட்டேன்."

"நீங்க போட மாட்டீங்க. உங்களுக்கு அப்புறம் கை மாறுமே?"

"அவங்களுக்கு நான் கேரண்டி இல்ல." கூரியர்காரர் சிரித்தார். "யாருக்குப் போகுது?"

"தம்பிக்கு."

"குடுத்து வெச்ச தம்பி."

அவள் பிரவுன் டேப்பை இழுத்தாள். அது வீடு முழுக்க அலறிக்கொண்டு வந்தது. குறுக்கே, நெடுக்கே, விளிம்பெல்லாம். பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினாள். சின்னச் சத்தம்கூட இல்லை. இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, கூரியர்காரர் "ஐயோ, அம்மா!" என்று எழுவதற்குள் கையை விட்டாள்.

தொம். பெட்டி தரையில் உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

"இப்ப எடுத்துட்டுப் போங்கண்ணே. இனிமே இது உடையாது."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அவள் வாசலில் நின்றாள். வேனின் பின்கதவு கம்பி வலை போட்டது. உள்ளே பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வேன் தெருமுனை வேகத்தடையை மெதுவாக்காமல் ஏறி இறங்கியது. மற்ற பெட்டிகளெல்லாம் ஒரு தடவை எகிறிக் குதித்தன, ஒன்று கவிழ்ந்தேவிட்டது. அவளுடையது மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, வேன் திரும்பி மறைகிறவரை.