தட்டிவிட்டு வந்தவள்

“டீ குடுத்தாரா?”

“ஆமா. ஏலக்காய் போட்டு.”

“பிஸ்தாவுமா?”

“அது நான் வாங்கிக் குடுத்தது. சீல் உடைக்காத பாக்கெட்.”

வக்கீல் பிரையனி நெற்றியை மேசைமேல் சாய்த்தாள். சாய்த்த வாக்கிலேயே பேசினாள். “மர்ஸியா, உங்க தம்பி கழுத்த நான் நெரிச்சா அதுக்கும் ஜெனீவாவுக்கு மனு போடுவீங்களா?”

மர்ஸியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மெல்பர்ன் புறநகரான டாண்டினாங்கின் கடைத்தெருவில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு, ரொட்டிக்கடை வேலையை முடித்துக்கொண்டு மாவுக் கையோடு வந்திருந்தாள். தம்பி இவாஸ் அடைக்கலம் தேடிப் படகில் வந்திறங்கிய நாளிலிருந்து அடைபட்டுக் கிடக்கிறான். முதலில் ஒரு தீவு, அப்புறம் பாலைவன முகாம், இப்போது மெல்பர்ன் ஓட்டல் ஒன்றின் மூன்றாம் மாடி. குற்றம் இல்லை, தீர்ப்பு இல்லை; தீர்ப்பு இல்லாததால் தண்டனைக்கு முடிவும் இல்லை. காரணமில்லாமல் அடைக்கப்பட்டவர்களின் வழக்கைப் பார்க்கும் நிபுணர் குழு ஒன்று ஜெனீவாவில் இருக்கிறது என்று சொல்லி மனுப் போட்டவள் பிரையனிதான். குழு அரசாங்கத்தைக் கேட்டது. அரசாங்கம் அவகாசம் கேட்டது. ஒருவழியாக இன்று பதில் வந்திருந்தது.

பிரையனி நிமிர்ந்து மறுபடியும் வாசித்தாள். “‘மேற்படி நபர் எங்கள் அதிகாரியை அறைக்குள் வரவேற்று உபசரித்தார். குறை ஏதும் உண்டா என்று மூன்று முறை கேட்டும், இறைவன் அருளால் ஒரு குறையும் இல்லை என்றார். சொந்த நாட்டுக்குத் திரும்ப விரும்பினால் அவர் எந்நேரமும் புறப்படலாம். எனவே இதைச் சிறைவைப்பு என்பது பொருந்தாது.’ மூணு தடவ கேட்டிருக்கா அந்த அதிகாரி, மர்ஸியா!”

“முப்பது தடவ கேட்டாலும் அதான் சொல்லுவான். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராவது மூக்கைச் சிந்துவாங்களா?”

“அது வீடு இல்லையே!”

“அத அவன்கிட்ட சொல்லுங்க.”

“நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நாம மறுப்பு அனுப்பணும். அவர் கைப்பட ஒரு பக்கம் போதும். அன்னிக்குச் சொன்னது மரியாதைக்கு, நெஜம் இதுன்னு. இல்லேன்னா குழு முன்னாடி இவங்க வார்த்தைதான் நிக்கும்.”

மறுநாள் ஓட்டல் வாசலில் அவள் பையைக் கொட்டிக் காட்டினாள். வீட்டில் செய்த பண்டம் உள்ளே போகக்கூடாது. தெரிந்திருந்தும் வெங்காயத்தாள் வைத்த போலானி ரொட்டி சுட்டு வந்திருந்தாள். காவலன் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தான். “அட, வாசனை தூக்குதே.”

“வாசனைக்கு மட்டும் அனுமதி உண்டா?” என்று கேட்டுவிட்டு அதை அவன் மேசையிலேயே விட்டுப்போனாள்.

கீழ்த்தளத்துச் சந்திப்பு அறையில் இவாஸ் எழுந்து நின்றான். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். மச்சான் சுகமா, பிள்ளைகள் சுகமா, கடை முதலாளி முட்டி வலி எப்படி என்று வரிசையாக விசாரித்தான். மேலே அறையிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினான். அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“நீ குடுத்த டீ ஜெனீவா வரைக்கும் போயிருக்கு, தெரியுமா?”

விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

“அப்போ நான் பொய் சொன்னேன்னு எழுதணுமா, அக்கா?”

“ஆமாண்டா! ஜன்னல் திறக்காது, தூக்கம் வராது, முடியெல்லாம் கொட்டுது. என்கிட்டப் பொலம்பறதை எழுது.”

“நீ என் அக்கா. அவ விருந்தாளி.”

“விருந்தாளியாம்! அரசாங்கம் அனுப்புன ஆளு!”

“அவ கதவத் தட்டினா.”

“தட்டாம? சுவர ஏறிக் குதிச்சா வருவாங்க?”

இவாஸ் மெல்லச் சிரித்தான். “இங்க யாரும் தட்டமாட்டாங்க, அக்கா. தொழுதுட்டு இருந்தாலும் சரி, குளிச்சுட்டு இருந்தாலும் சரி, சாவி போட்டு வந்துடுவாங்க. அவ தட்டிட்டு வெளியவே நின்னா. நான் ‘உள்ள வாங்க’ன்னேன். அந்த வார்த்தைய எந்தக் காலத்துல சொன்னதுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. சொன்ன உடனே அது என் வீடாயிடுச்சு. அதுக்கப்புறம் நான் என்ன செய்யட்டும்?”

மர்ஸியாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? மூன்று முறை கேட்டுக் குறித்துக்கொண்டு போனவளையா, ஏதோ ஏரிக்கரை ஊரில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இதை வாசிக்கப்போகும் நிபுணர்களையா, இந்த மடையனையா? அவன் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது வக்கீல் கேட்ட அந்த ஒரு பக்கம். அவனுக்கே தெரியவில்லை.

கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“பொய் சொன்னேன்னு எழுத வேண்டாம். குறையே சொல்ல வேண்டாம். இப்போ சொன்னியே, அத மட்டும் எழுது.”

“தட்டினதையா? அதப் போய் யாரு...”

கதவு படாரென்று திறந்தது. காவலன் உள்ளே வந்து நின்றான். கையில் போலானி வாசம். “நேரம் ஆச்சு.”

இவாஸ் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, காவலனுக்கும் ஒரு கோப்பையை நகர்த்தினான்.

மர்ஸியா அந்தக் கையைப் பிடித்துப் பேனாவைத் திணித்தாள்.

“எழுதுடா, இவாஸ். ஒரே ஒரு வரி. எனக்காக எழுதித் தாடா.”