குதிரைதான் பிழை விட்டது

1.
இந்தக் கதை என்னுடையதல்ல. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ போகும் ரயிலில், முன் இருக்கையில் கேட்டது.

“அவ்விடத்தில நான் ஒரு வரியை விட்டிட்டனோ பிள்ளை?”

“இல்லையப்பா. குதிரைதான் பிழை விட்டது.”

அவ்வளவுதான். மகளின் மடியில் முழங்கால் உயரக் கறுப்புச் சப்பாத்துகள். அதுவரை தகப்பனுக்கு டேனிஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், இதை மட்டும் தமிழில் சொன்னாள். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2.
குதிரைகளும் அழும் என்று—

(அழித்துவிட்டேன். நான் குதிரையைத் தொட்டதே இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் அவை பனியில் வண்டி இழுக்கும்.)

மறுபடியும்: மகள் கிருபாஷினி பத்து வயதில் லாயம் கூட்டி, அதற்குப் பதிலாகக் குதிரை ஏறிப் பழகினாள். இப்போது இருபத்தேழு. அவளுடையது வேகப் போட்டியல்ல. மணல் களத்துக்குள், எழுதி வைத்த ஒழுங்கில், குதிரையை நடனம்போல நடத்த வேண்டும். அடுத்த அசைவை ஓரத்தில் நின்று ஒருவர் உரக்க வாசிக்கலாம். பதினேழு வருடமாக அப்பா தேவநாயகம்தான் வாசிக்கிறார். சபையில் வேதம் வாசிக்கும் அதே குரல்.

“நீங்கள் வாசிச்சால் குதிரையும் ஆமென் சொல்லும் அப்பா.”

3.
போன மாதம் சபையில் ஒரே வசனத்தை இரண்டு தரம் வாசித்தார். ஆவியானவர் அழுத்திச் சொல்கிறார் என்று எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை.

(இவளை நான் சந்தேகித்தேன். அவர் வாசிக்கும் தாளை அவள் வாங்கிவிட்டால் என்ன? அதனால் போட்டியன்று காலை அவள் சொல்வதாக இதை எழுதினேன்.)

“இண்டைக்கு நான் மனப்பாடமாப் போறன்.”

“ஏன், என்ர சத்தம் குதிரைக்குப் பிடிக்கேல்லையோ?”

அதற்குமேல் அவளால்—

(மூன்று நாளாகியும் இந்த வாக்கியம் முடியவில்லை.)

4.
குதிரை இன்னொருவருடையது. இன்று தேறாவிட்டால் அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். தேறினால் இறுதிப் போட்டி. அங்கே வாசிக்க அனுமதியில்லை. எப்படியும் இது அப்பாவின் கடைசி வாசிப்பு.

இரண்டு இடத்தில் அவர் மாறி வாசித்தார். வழி அவளுக்கு மனப்பாடம். ஆனாலும், பிழை தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று அவர் சொன்ன பக்கமே போனாள். நடுவரின் மணி இரண்டு தரம் அடித்தது. மூன்றாவது பிழையோடு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இப்போது தாளில் வலப்பக்கம் என்று இருக்கிறது. அப்பா, “இடப்பக்கம்” என்று கணீரென்று வாசிக்கிறார்.

5.
வலப்பக்கம் திரும்பினால் குதிரை அவளுக்கு மிஞ்சும். அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார். இடப்பக்கம் திரும்பினால் மணி அடிக்கும். மகள்தான் பிழை விட்டாள் என்று அவர் நம்பலாம்.

நான் இரண்டையும் எழுதிக் கிழித்தேன். மூலைக்கு இன்னும் நாலு அடி இருக்கிறது. நீங்கள் திருப்புங்கள்.

எந்தப் பக்கமானாலும், ரயிலில் அவர் அதையேதான் கேட்பார். அவள் தமிழில்தான் பதில் சொல்வாள்.