மாவு அறையில் ரஸ்க்

அன்று காலை பேக்கரியின் மாவு அறையில் முதலாளி இருந்தார். அவர் மனைவி, வெளியூரிலிருந்து வந்திருந்த அவர் தங்கை, தங்கை கையோடு கூட்டிவந்த கால்நடை மருத்துவர் ஆகியோரும் இருந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே, பின்னங்காலால் காதைப் பிறாண்டியபடி ரஸ்க் கிடந்தது. அது அவர்கள் வளர்த்த நாய்.

அப்பா காலத்திலிருந்து அந்தக் கடைப் பண்டத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆறு மாதத்துக்கு முன் ரஸ்க்குக்கு முடி கொட்டி வயிறு சிவந்தது. வாசலில் நின்றவர்கள் முகம் சுளித்ததும் முதலாளிக்குத் தலை குனிந்துபோயிற்று. சொறி நாய்க் கடை என்று பேர் வரலாமா? யார் கண்ணிலும் படாமல் நாயை மாவு அறையில் அடைத்தார். பாசத்தில் குறை வைக்கவில்லை. வேளை தவறாமல் உடைந்த பிஸ்கட்டைத் தட்டு நிறையப் போட்டார். மருத்துவரிடம் காட்டலாம் என்று மனைவி சொன்னபோதெல்லாம், நாலு பேர் பார்க்க இழுத்துக்கொண்டு போவதா என்று அவள் வாயை அடைத்தார்.

மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"இது ஒட்டுற சொறி இல்லைங்க, அலர்ஜி. சேத்து வச்ச மாவுல கண்ணுக்குத் தெரியாத உண்ணி வரும். அதாவும் இருக்கலாம், பிஸ்கட்டாவும் இருக்கலாம். ரெண்டு மாசம் சாப்பாட்டை மாத்திப் பாத்தாத்தான் தெரியும். படுக்கையை இன்னைக்கே மாத்துங்க."

"எங்க மாவுல உண்ணியா?" என்று முதலாளி நிமிர்ந்தார்.

"அண்ணா, அவரு நாயைப் பத்திப் பேசறாரு. நீ இன்னும் கடையைப் பத்தியே பேசற," என்றாள் தங்கை.

முதலாளி மூட்டைமேல் உட்கார்ந்து ரஸ்க்கைக் கூப்பிட்டார். அது திரும்பவில்லை. தட்டைத் தட்டினார். அதற்கும் திரும்பவில்லை.

"ரெண்டு மாசமா இப்படித்தான். நான் சொன்னா நீங்க கேட்டாத்தானே," என்றாள் மனைவி.

காதுப் புண் உள்ளே வரை பழுத்துவிட்டது, தோல் ஆறும், போன செவிப்புலன் திரும்பாது என்றார் மருத்துவர். முதலாளியால் நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

இப்போது ரஸ்க் முடி முளைத்து வாசலில் படுத்திருக்கிறது. அடைத்துவைத்த கோபத்தில்தான் முதலாளி கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தெருவில் ஒரு பேச்சு. வாடிக்கையாளர் ஒருவர் அதை அவரிடமே கேலியாகச் சொன்னார்.

முதலாளி பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். "அரிச்சப்பவே, என்ன திங்குது, எங்க படுக்குதுன்னு பாத்து டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும். கடைப் பேருக்குப் பயந்து ஒளிச்சு வச்சேன். வாயில்லா ஜீவன் நோயை மறைக்கிறதுல என்னங்க கௌரவம்? அதுக்குக் கோபமெல்லாம் இல்ல. காது கேக்காது."