மல்லிகைக் கட்டு

வயிற்றில் பிள்ளை இருந்தவரை லோகேஸ்வரியின் தோல் பளிங்கு போலிருந்தது. பெற்றெடுத்ததும் சொரியாசிஸ் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. முதுகெல்லாம் செதில், உள்ளங்கை வெடித்து, குழந்தையைத் தூக்கினால் அதன் சட்டையில் ரத்தம்.

கருத்தரிப்பதற்காக நிறுத்திய பழைய மாத்திரையைத் தாய்ப்பால் கொடுக்கும்போதும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எந்த மருந்தானாலும் அப்படித்தான் என்று அவளாகவே முடிவு கட்டினாள். டாக்டரைப் பார்க்கத் தேதி கிடைப்பதற்குள், மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டி, அழுதழுது பாலை வற்ற வைத்தாள். குழந்தை அந்தப் பூவின்மேல் சாய்ந்தபடியே புட்டிப்பாலுக்குப் பழகியது.

இன்று தோல் டாக்டர் ஊசி போட்டார். “இது வேற மருந்துமா. தாராளமா பால் கொடுக்கலாம், ஒன்னும் ஆகாதுலா.”

லோகேஸ்வரி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெளியே குழந்தையோடு காரில் காத்திருந்த கணவன் சுகுமாரனிடம் ஊசி போட்டதை மட்டும் சொன்னாள். அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி மல்லிகைச் சரம் வாங்கி வந்தான்.

“இந்த வாட்டி தலைக்குதான் லோகா. வச்சிக்க.”

வாசனை பட்டதும் மடியில் தூங்கிய குழந்தை விழித்து, அவள் மார்பில் வாயை வைத்துத் தேடியது. அங்கே ஒரு சொட்டும் இல்லை.